எவாப்போ-ரஸ்ட்: பழைய ஃப்ரேமின் ரிவெட் இடுக்குகளுக்கு இதுதான் சரி

காரின் அடிச்சட்டமான ஃப்ரேம் முழுவதன் துருவையும் எவாப்போ-ரஸ்ட் என்ற துரு நீக்கும் திரவம் ஒன்றை வைத்தே எடுத்துவிடலாமா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்வேன். ஆனால் ரிவெட் அடித்த பழைய ஃப்ரேமை ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காராக மாற்றுகிறவர், இது கையில் இல்லாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்வேன். நான் வேலை பார்ப்பது ஃபோர்டு மாடல் ஏ ஃப்ரேமில், 1928 முதல் 1931 வரை வந்த வண்டி. பக்கத்துக்கு ஒரு 'சி' வடிவ நீளச்சட்டம். குறுக்குச் சட்டங்களை ரிவெட்டால் முடுக்கியிருப்பார்கள். வெளியே தெரிகிற துருவைப் பற்றி எனக்குக் கவலையில்லை, வயர் பிரஷ் மாட்டிய கிரைண்டர் பார்த்துக்கொள்ளும். தகடு மேல் தகடு படிகிற விளிம்பிலும் ரிவெட் தலையைச் சுற்றியும் ஒளிந்திருக்கும் துருதான் பெயிண்ட் காய்ந்து பளபளத்த பிறகு அடியிலிருந்து கொப்பளித்து வரும். அங்கே பிரஷும் போகாது, உப்புத்தாளும் போகாது. திரவம் போகும்.

இது அமிலம் இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கும், ஏறக்குறைய நடுநிலையான திரவம். மூக்கைத் துளைக்கிற நெடியும் இல்லை. துருவில் இருக்கிற இரும்பைப் பிடித்துக் கரைத்துக்கொள்ளும், கீழே இருக்கும் நல்ல இரும்பை விட்டுவிடும். கீலேஷன் என்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இதைவிட வேகம்தான், ஆனால் நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். இடுக்குக்குள் ஒரு சொட்டு தங்கினாலும் பெயிண்டுக்கு அடியில் உட்கார்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். கடினமான எஃகில் செய்த போல்ட், ஸ்பிரிங் போன்றவற்றில் அமிலத்தால் ஹைட்ரஜன் ஏறி, பின்னால் பாரம் விழும்போது சட்டென்று ஒடியவும் கூடும். ஸ்டியரிங், பிரேக் சாமான்களை அமிலத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சின்னச் சாமான்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பிராக்கெட், நட்டு, போல்ட், ஷேக்கிள் எல்லாவற்றையும் கிரீஸ் போகக் கழுவி ஒரு பிளாஸ்டிக் வாளியில் முக்கி மூடி வைத்தால் போதும். மறுநாள் மரை ஒவ்வொன்றும் தெளிவாக, சாம்பல் நிறத்தில் வெளியே வரும்.

ஃப்ரேமை அப்படி முக்க முடியாது. மாடல் ஏவின் வீல்பேஸே, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரமே, 103.5 அங்குலம். கீழே நீளமாகத் தட்டு வைத்து, சின்ன பம்பால் திரவத்தை ஏற்றித் தொடர்ந்து வழியவிடுகிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது துணி சுற்றுகிற முறை. பருத்தித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, திரவத்தில் நன்றாக ஊறவைத்து, ரிவெட் வரிசையின் மேல் இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி, அதற்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்ட வேண்டும். ஈரம் காயவே கூடாது. காய்ந்த இடத்தில் வேலை நின்றுவிடும், கறையும் படியும். நடுவில் தாளைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடிக்கொள்ளலாம்.

பிரித்துப் பாருங்கள். துணி கறுத்துப்போயிருக்கும். ரிவெட் தலையைச் சுற்றி இருந்த பழுப்பு வளையம் கருங்குழம்பாகி, விரலால் வழித்தாலே வந்துவிடும். அடியில் மங்கிய சாம்பல் நிற இரும்பு, அதில் ஊசியால் குத்தினாற்போல் கரும்புள்ளிகள். இங்கேதான் பொறுமை வேண்டும். அந்தப் புள்ளிகள் எல்லாம் துரு தின்ற குழிகள். பித்தளை பிரஷால் தேய்த்தும் கறுப்பு போகவில்லை என்றால் குழிக்குள் இன்னும் துரு இருக்கலாம். புதுத் துணி சுற்றுங்கள். குழியின் அடி சாம்பலாகத் தெரிகிற வரைக்கும் நான் விடுவதில்லை.

இதன் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய பெயிண்டையும் இது கரைக்காது. அவற்றை முதலில் எடுத்தாக வேண்டும். குளிர் ஆகாது, 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். தடித்த பொருக்குகளை இதில் கரைக்க நினைத்தால் கேன் கேனாகக் காலியாகும். சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டு ஆரம்பியுங்கள். தட்டுவதில் இன்னொரு லாபம்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்துப்போன இடம் தொப்பென்று சத்தம் தரும். அங்கே வெல்டிங் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அகன்ற பரப்புகளுக்கு, காற்றழுத்தத்தால் துகளை வீசியடித்துத் துரு எடுக்கிற சாண்ட்பிளாஸ்டிங்தான். பாடித் தகடு போல நெளியாது, ஃப்ரேம் இரும்பு தடிமன். கார்னெட் என்ற கனிமம் போன்ற துகளாக இருக்கட்டும். சாதாரண மணலின் சிலிக்கா தூசி நுரையீரலில் சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும். வரிசை முக்கியம். முதலில் இடுக்குகளுக்குத் துணி சுற்றி, தண்ணீரில் கழுவி, காற்றடித்து ஒவ்வொரு மடிப்பையும் காயவைத்துவிட்டு, அப்புறம் பிளாஸ்ட் செய்யுங்கள். பிளாஸ்ட் செய்த இரும்பில் தண்ணீர் பட்டால் கண்ணெதிரே புதுத்துரு படரும். எவாப்போ-ரஸ்ட் காய்ந்தால் விட்டுப்போகும் மெல்லிய படலம் சாமானை அலமாரியில் வைத்திருக்கும் வரை துருவைத் தடுக்கும்; பெயிண்டுக்கு அடியில் அது இருக்கக் கூடாது. கழுவுவதைத் தவிர்க்காதீர்கள்.

துருவின் மேலேயே பூசிக் கறுப்பாக்கிவிடலாம் என்று விற்கிற கன்வெர்ட்டர்களை நான் ஃப்ரேமுக்குச் சொல்ல மாட்டேன். நான் வாங்கிப் பார்த்த ஒன்றின் மேல் அடித்த எபாக்ஸி பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நகத்தால் கீறினாலே உரிந்தது. பல கன்வெர்ட்டர்களில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி ஒழுங்காக இறுகாது.

பிளாஸ்ட் முடிந்த இரும்பை வெறுங்கையால் தொடாமல், அன்றைக்கே இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமரை அடித்துவிடுங்கள். இரும்பின் வெப்பம், காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்ப்ரே கன்னை எடுக்கும் முன், ரிவெட் தலைகளிலும் கூர்மையான விளிம்புகளிலும் சின்ன பிரஷால் ஒரு கை பூசிக்கொள்வது நல்லது. விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெலிந்துதான் நிற்கும். தகடுகள் சேரும் கோட்டில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர் வைப்பது எபாக்ஸிக்கு மேல்தான், வெறும் இரும்பில் வேண்டாம்.

பயன்படுத்திய திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள், பலமுறை உதவும். புதுத் திரவம் இருக்கும் கேனிலும் திருப்பி ஊற்ற வேண்டாம்; தனி வாளியில் வைத்துக்கொண்டு முதல் சுற்றுக்குப் பழையதையும் குழிகளுக்குப் புதியதையும் பயன்படுத்துங்கள். நீளச்சட்டத்தைத் தகடு வைத்துப் பெட்டியாக மூடப் போகிறவர்கள் வெல்டிங்குக்கு முன்பே உள்பக்கத்தை முடித்துவிட வேண்டும். மூடிய பிறகு உள்ளே ஊற்றினால் கழுவவும் முடியாது, காயவைக்கவும் முடியாது.