மெடிக்கல் கோடிங் வகுப்பில் 42,000 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று இன்டர்வியூவிலிருந்து திரும்பியதிலிருந்து தூக்கம் இல்லை. 42,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம்.

நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, ஊர் விழுப்புரம் பக்கம். சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் பயிற்சி மையம். டாக்டர் எழுதியதைப் படித்து, அமெரிக்க மருத்துவமனை பில்லுக்காக ஒவ்வொரு நோய்க்கும் அதற்கான கோடு எண்ணைப் போடும் வேலை. சேர்ந்த அன்று அப்பாவும் வந்தார். அங்கிருந்த கவுன்சிலர் அக்கா டீ வரவழைத்து, “அப்பா, உங்க பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. மூணே மாசம், ஆஃபர் லெட்டர் கையில இருக்கும்” என்றார். போனில் ஒரு லெட்டரையும் காட்டினார். பெயர் இருந்த இடத்தில் அவர் கட்டைவிரல் இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அப்பா மஞ்சள் பையைப் பிரித்து, எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

கிடைத்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். அட்டையும் இல்லை, வருடம் போட்ட பக்கமும் இல்லை. பாடம் எடுத்தவன் முந்தைய பேட்ச் பையன். அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கல்லூரியிலேயே படித்தவள் என்பதால் அல்சர் பகுதியை ஆசையாக மனப்பாடம் செய்தேன். இரைப்பை அல்சருக்குக் கோடு 531, டியோடினத்தில் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) வந்தால் 532.

இன்டர்வியூவில் அதையே கேட்டார்கள். நோயாளிக்கு மலம் கறுப்பாகப் போகிறது, எண்டோஸ்கோப்பியில் டியோடினத்தில் ரத்தம் கசியும் அல்சர், புதிதா நாள்பட்டதா என்று டாக்டர் எழுதவில்லை. நான் 532.40 போட்டேன், கறுப்பு மலத்துக்குத் தனியாக 578.1. பார்த்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இது ஐசிடி-9 மா, நோய்க் கோடு பட்டியலோட பழைய பதிப்பு. அமெரிக்காவில 2015 அக்டோபர் 1-லயே ஐசிடி-10 வந்தாச்சு.”

சரியான விடை கே26.4, அது ஒன்றுதான். ரத்தக்கசிவு அதற்குள்ளேயே அடக்கம். கறுப்பு மலம் அதனால் வந்த அறிகுறி, தனியாகப் போடக் கூடாது. இரைப்பை என்றால் கே25, இடம் குறிப்பிடாத பெப்டிக் அல்சர் கே27. ரத்தமா, ஓட்டையா, இரண்டுமா என்பதைப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சொல்லும். அந்த மனிதர் பத்து நிமிடத்தில் சொல்லித்தந்ததை இவர்கள் மூன்று மாதத்தில் சொல்லவில்லை.

சாயங்காலமே போன் செய்தேன். “சார் மீட்டிங்ல இருக்கார்.” மறுபடி செய்தால், “அது பேசிக் நோட்ஸ்மா, புதுசு வேணும்னா அட்வான்ஸ்டு பேட்ச், 15,000 கட்டுங்க.” பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. “ரசீது பின்னாடி படிச்சுப் பாருங்க.” காலையில் வாட்ஸாப் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். 42,000 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

சேரப்போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பணம் கட்டும் முன் புத்தகத்தில் அல்சர் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கோடு 531 என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மெடிக்கல் கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ் தருவது ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு, மையம் அச்சடித்துத் தரும் தாள் வேறு. வேலை வாங்கித் தருவோம் என்றால் எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தால் 1915, நுகர்வோர் உதவி எண்.

ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். என் பேட்சில் படித்தவர்கள் இதைப் பார்த்தால் அந்த ஜெராக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நமக்கு இருக்கும் சாட்சி அதுதான்.