சேலத்தில் வீடு வாங்க யாரைப் பிடிப்பது: புரோக்கரா, பில்டரா, வக்கீலா?

டல்லாஸில் இருக்கும் சொந்தக்காரர்கள், "வாங்குறவங்களுக்குன்னு தனியா ஒரு ஏஜென்ட் வச்சுக்கோ" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அங்கே 2024 ஆகஸ்ட் முதல், பெரும்பாலான ஏஜென்ட்டுகள் வீட்டைக் காட்டும் முன்பே வாங்குபவரிடம் எழுத்து ஒப்பந்தம் போட்டாக வேண்டும். நம் ஐந்து ரோட்டில் அப்படியொருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இங்கே கிடைக்கும் ஆட்களில் யார் எதற்கு ஆவார் என்று பார்ப்போம்.

முதலில் ஏரியா புரோக்கர். பழைய வீடு, தனி வீடு என்றால் இவரை விட்டால் ஆளில்லை. அழகாபுரத்தில் யார் மகன் பெங்களூரிலேயே தங்கிவிட்டான், அஸ்தம்பட்டியில் எந்த வீடு பாகப் பிரிவினைக்கு வரப்போகிறது என்பதெல்லாம் எந்த ஆப்பிலும் வருவதற்கு முன் இவர் காதுக்கு வந்துவிடும். சிக்கல் கமிஷனில் இருக்கிறது. 60 லட்சம் வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் என்று வைத்தால் அவருக்கு 1,20,000. பேசி 57 லட்சத்துக்குக் குறைத்தால் 1,14,000. உங்களுக்கு மூன்று லட்சம் மிச்சமாகும் இடத்தில் அவருக்குக் குறைவது ஆறாயிரம்தான். அதனால் அவர் உங்களுக்காகவும் மல்லுக்கட்ட மாட்டார், விற்பவருக்காகவும் மல்லுக்கட்ட மாட்டார். இந்த வாரமே முடிய வேண்டும், அவ்வளவுதான். "நாளைக்கு ஈரோட்டுப் பார்ட்டி வருதுங்க சார், இன்னைக்கு டோக்கன் போட்டா நமக்குத்தான்" என்ற வசனம் வருவது இங்கிருந்துதான்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "எனக்கு 55 வந்தா போதும், மேல வர்றது உன்னோடது" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் கதையே வேறு. அப்போது நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் புரோக்கர் பைக்குத்தான். வீட்டுக்காரரோடு உங்களைத் தனியாகப் பேசவே விடவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அட்வான்ஸை வீட்டுக்காரர் பெயருக்கு, வங்கி மூலமாகத்தான் தருவேன் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு பெற்ற ஏஜென்ட். 2016 சட்டப்படி, பதிவான புராஜெக்டில் ஃபிளாட்டோ மனையோ விற்றுக் கொடுப்பவர் தானும் பதிவு செய்திருக்க வேண்டும். தப்பு நடந்தால் அவர் மேலேயே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். தெருமுனைப் புரோக்கரிடம் இந்தப் பிடி கிடையாது. ஆனால் பெரும்பாலும் அவருக்குக் காசு தருவது பில்டர். ஆக அவர் பில்டருடைய ஆள்தான், பதிவு பெற்ற ஆள் என்பது மட்டும் வித்தியாசம். பழைய வீட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது இந்தப் பதிவால் பெரிய பலனில்லை.

புது அபார்ட்மென்ட் என்றால் நடுவில் ஆளே வேண்டாம், நேராக பில்டரிடம் போவதே மேல் என்பேன். ஏஜென்ட்டுக்குப் போகும் பணத்தைக் கார் பார்க்கிங்கிலோ விலையிலோ கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். கட்டுமானக் கோளாறு வந்தால் ஐந்து வருடம் வரை அவர்தான் சரிசெய்து தர வேண்டும்.

இந்த வரிசையில் விலையைப் பற்றிக் கவலையில்லாத ஒரே ஆள் வக்கீல். வீடு முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவருக்கு ஃபீஸ் ஒன்றுதான். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு என ஒன்பது சதவீதத்தை முனகாமல் கட்டுகிறவர்கள், வக்கீலுக்குச் சில ஆயிரங்கள் தர யோசிப்பதுதான் புரியவில்லை. சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம், சரி. ஆனால் பதிவு செய்யாத உயிலோ, கோர்ட்டில் கிடக்கும் வழக்கோ, பிறந்த வீட்டில் பங்கு கேட்கக்கூடிய பெண்ணோ அதில் தெரிவது உறுதியில்லை. குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பூர்வீக வீடு என்றால் இதுதான் முக்கியம். பெண்களுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது. "தங்கச்சி கையெழுத்துப் போட்டுருவாங்க" என்று புரோக்கர் சொன்னால், அந்தக் கையெழுத்தைப் பார்த்தபிறகு மீதியைப் பேசலாம். லோனுக்காக பேங்க் வக்கீல் பார்த்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அவர் பார்ப்பது பேங்க்கின் பணத்துக்கு.

ஆகவே என் கணக்கு இப்படி: பழைய வீடு என்றால் தேட மட்டும் புரோக்கர், சரிபார்க்க நீங்களே தேடிப் பிடித்த வக்கீல். புரோக்கர் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம். விலை பேச, வீட்டில் வாய் சாமர்த்தியம் உள்ள மாமாவோ அத்தையோ போதும். கமிஷன் எவ்வளவு, என்றைக்குத் தருவது என்பதை வீடு பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள். கிரயம் பதிவான அன்று என்றால் அதுவரை அவரும் கூடவே அலைவார்.

ஏற்காட்டில் இந்தக் கணக்கு செல்லாது. வியூவைக் காட்டி விற்பவர்கள் அங்கே அதிகம். அது மலையிடப் பாதுகாப்புக் குழுமக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி. மனைப் பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கீழே கேட்காத அனுமதிகளை அங்கே கேட்பார்கள். அங்கே புரோக்கரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே காகிதங்களை வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டும்.