அப்புத்தளையில் குழாய்க்கிணறு: கேசிங் இறக்கிய விதம்

அப்புத்தளைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் கடந்த ஆவணியில் குழாய்க்கிணறு அமைத்துத் தந்த குழுவினரைப் பற்றி எழுதுகிறேன். எத்தனை அடி, அடிக்கு எவ்வளவு என்றுதான் எல்லோரும் விசாரிப்பார்கள். நான் கேசிங், அதாவது துளையின் மேற்பகுதியில் மண் சரிந்து விழாமல் காக்கும் வெளிக்குழாய், எப்படி இறக்குவார்கள் என்று விசாரித்தேன். அயல் வீட்டில் வேறொரு குழு கேசிங்கைக் கருங்கல் வரை கொண்டுபோகாமல் உக்கிய பாறையிலேயே நிறுத்திவிட்டதால், முதல் அடைமழையிலேயே செம்மண் சேறு உள்ளே இறங்கி மோட்டர் பழுதாகிவிட்டது.

எங்கள் நிலத்தில் 38 அடி வரை மண்ணும் உக்கிய பாறையும் இருந்தன. கருங்கல்லுக்குள் மேலும் 4 அடி துளைத்த பின்னர் தண்டுகளை மேலே எடுத்து, கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். 3 அடி தூர்ந்திருந்தது. குழாயை அதன்மேல் திணிக்காமல், மறுபடியும் காற்றடித்துத் துப்புரவு செய்தார்கள். 10 அடிக் குழாய்கள் ஐந்தையும் அளந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நீளத்தைக் கழித்துக் கொப்பியில் எழுதினார் பொறுப்பாளர். “ஒரு சாண் பிசகினாலும் குழாய் பாறையில் குந்தாது, டீச்சர்” என்றார்.

ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து, பசை தடவிப் பொருத்தி, கவ்வியை இறுக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். பசை இறுகுமுன் பாரம் ஏறினால் இணைப்பு கழன்று, கீழுள்ள குழாய் முழுவதும் துளைக்குள் விழுந்துவிடும். மூன்றாவது குழாய் இடையில் தடைப்பட்டபோது, அதை அடித்து இறக்காமல் சற்றுத் தூக்கி மெல்லத் திருப்பி இறக்கினார்கள். கட்டாரில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்த என் தம்பி இதைப் பார்த்து மகிழ்ந்தான். அங்கே இரும்புக் கேசிங்கை வேகமாக இறக்கினால், துளையிலுள்ள சேற்றுத் திரவம் கீழ்நோக்கி அழுத்தப்பட்டுப் பாறையில் பிளவு விழக்கூடும். திரவம் அந்தப் பிளவில் வடிந்து மட்டம் தாழ்ந்தால், அதன் பாரம் அடக்கி வைத்திருந்த எரிவாயு மேலெழும். ஆகவே அங்கும் நிதானமே முதல் விதி என்றான்.

ஒரு குறையும் உண்டு. குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைத் துளைத்தெடுத்த கல்தூளாலேயே நிரப்பப் பார்த்தார்கள். மேல்நீர் இறங்கும் வழியே அதுதான் என்பதால், சீமெந்துக் கலவை ஊற்றச் சொன்னேன். ஊற்றினார்கள், ஆனால் தனியாகப் பணம் கேட்டார்கள். அதை முதலிலேயே கூலியில் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

190 அடியில் தண்ணீர் கிடைத்தது. ஐப்பசி அடைமழை ஓய்ந்த மறுநாள் ஒரு வெள்ளை வாளியில் நீரைப் பிடித்து இரவு முழுவதும் வைத்துப் பார்த்தேன். காலையில் அடியில் மண் படிந்திருக்கவில்லை.