கோத்தகிரி அருகே ஒரு நியாயவிலைக் கடை

கோத்தகிரிக்கு அருகில் நான் பல ஆண்டுகளாகப் பொருள் வாங்கும் நியாயவிலைக் கடையில் எடை சரியாக இருக்கும். அரிசியும் பெரும்பாலும் சுத்தமானதே. குறை என்றால் விரல்ரேகைக் கருவிதான்: மூடுபனி நாள்களில் இணைப்பு அறுந்துவிடும், கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களையோ அது ஏற்கவே மறுக்கும்.

ஒரு மாநில ரேஷன் அட்டையைக் கொண்டு வேறு மாநிலத்திலும் தானியம் வாங்க வழிசெய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2020 அக்டோபரில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த பிறகு, ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களும் இவ்வரிசையில் நிற்கிறார்கள். "நம் வரிப்பணத்தில் இவர்களுக்குமா அரிசி?" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தபோது, அவர்கள் பெறுவது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு 5 கிலோ தானியம் மட்டுமே என்பதையும், மாநில அரசு மானியத்தில் தரும் பருப்பும் பாமாயிலும் அதில் சேராது என்பதையும் விற்பனையாளர் பொறுமையாக விளக்கினார். சோப்பு வாங்கினாலும் அவர்களும் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள் என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பெரியவரின் தந்தையே 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றவர். வரிசையில் வைத்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாதத் தொடக்கத்தைத் தவிர்த்து, இரண்டாம் வாரத்தில் பனி விலகியபின் செல்வது நல்லது.