12 கிலோ ‘சுத்தக் காரீயம்’, உள்ளே ஜிங்க்: தூண்டில் குண்டு வார்ப்பவர்கள் கவனத்துக்கு

தூண்டில் குண்டு வார்க்க, ‘சுத்தக் காரீயம்’ என்று சொல்லி ஒரு காயலான் கடையில் கொடுத்த 12 கிலோ கட்டியில் துத்தநாகம், அதாவது ஜிங்க், கலந்திருந்தது. திருப்பிக் கொண்டுபோனால் “உருக்கின சரக்கை எடுக்க மாட்டோம்” என்று கையை விரித்துவிட்டார்கள். உருக்காமல் கலப்படம் உறுதியாகத் தெரியாது, உருக்கினால் திருப்ப முடியாது. ஏமாற்று நடப்பதே இந்த இடுக்கில்தான். கடைப் பெயர் தேவையில்லை, இந்தச் சரக்கு எந்த ஊரிலும் கிடைக்கும்.

குண்டில் இப்படித் தெரிந்தது. கூம்பு வடிவ அச்சு, அகன்ற அடிப்பக்கம் வார்க்கும் வாய்ப் பக்கம். அந்த அடியின் விளிம்பு கூர்மையாக வராமல், நக்கித் தேய்ந்த மிட்டாய் மாதிரி மழுங்கி வந்தது. அடி நிறையவில்லை என்றால் எல்லாரும் முதலில் செய்வது சூட்டைக் கூட்டுவது. ஜிங்க் கலந்த சரக்கில் அதுதான் பெரிய தப்பு. ஈயம் 327 டிகிரியில் உருகும், ஜிங்க் உருக 420 வேண்டும். 380-க்குள் வைத்திருந்தால் உருகாத ஜிங்க் துண்டு எடை குறைவால் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். சூட்டை ஏற்ற ஏற்ற அது ஈயத்துக்குள் கரைந்துவிடும். பிறகு உருகலின் மேல் தடித்த ஆக்சைடுத் தோல் படர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தோல்தான் ஈயத்தை மூலைக்குள் போகவிடாமல் தடுக்கிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே போதும், வார்ப்பு கெட்டுவிடும்.

ஜிங்க் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் டயர் கடையில் கழற்றிப் போடும் வீல் வெயிட்டிலிருந்து, அதாவது சக்கரம் ஆடாமல் சமனாகச் சுழல விளிம்பில் மாட்டும் எடைத்துண்டிலிருந்து. முன்பு அது ஆன்டிமனி (ஈயத்தைக் கடினமாக்கும் உலோகம்) கலந்த ஈயமாகவே இருந்தது. ஐரோப்பாவில் 2005-லிருந்து புதுக் கார்களில் ஈய வெயிட்டுக்குத் தடை வந்த பிறகு ஜிங்க்கும் இரும்பும் அந்த இடத்துக்கு வந்தன. இன்று ஒரு வாளியில் மூன்றும் கலந்தே கிடக்கும். இரும்பைக் காந்தம் பிடித்துவிடும். ஈயத்தையும் ஜிங்க்கையும் பிரிக்க கட்டிங் பிளேயர் போதும்: ஈயத்தில் வாய் அமுங்கி இறங்கும், ஜிங்க்கில் வழுக்கும். தரையில் போட்டால் ஈயம் ‘தொப்’, ஜிங்க் ‘டிங்’. தனித்தனித் துண்டாக வாங்கினால் இப்படிப் பிரிக்கலாம். யாரோ உருக்கிக் கட்டியாக ஊற்றிவிட்டால் இதில் எதுவும் உதவாது. அதனால் முடிந்தவரை கட்டியாக வாங்காதீர்கள்.

கட்டியில் ஜிங்க் இருக்கிறதா என்று தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்ப்பதை நம்பவும் வேண்டாம். 1 கிலோ சுத்த ஈயம் தண்ணீருக்குள் சுமார் 912 கிராம் காட்டும், முழு ஜிங்க் 860 காட்டும். ஆனால் நூற்றுக்கு 5 பங்கு ஜிங்க் கலந்த கட்டி 909 காட்டும். அந்த 3 கிராம் வித்தியாசத்தை மீன்கடைத் தராசு சொல்லாது. ஆசிட் சோதனை கொஞ்சம் மேல்: கையுறை போட்டு, கட்டியின் மேல்பக்கத்தை அரத்தால் தேய்த்துப் புது உலோகம் தெரிந்ததும் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுங்கள். ஜிங்க் இருந்தால் நுரைக்கும். குளிரும்போது ஜிங்க் மேலே ஏறும், அதனால் மேல்பக்கம்தான் பார்க்க வேண்டும். நுரைக்கவில்லை என்பதற்காக சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 200 கிராம் மட்டும் வாங்கி, திறந்தவெளியில் 350 டிகிரியில் உருக்கி, மேலே ஒருமுறை வழித்துப் பாருங்கள். நல்ல ஈயம் சில நொடி கண்ணாடியாக மின்னும். ஜிங்க் ஈயம் ரவைக் கஞ்சி மாதிரி திரிதிரியாக நிற்கும், வழிக்க வழிக்க வரும். மாதிரி தராத கடையில் மீதி வேண்டாம்.

ஈயத்தின் மேல் பழி போடும் முன் அச்சையும் பார்த்துவிட வேண்டும். குண்டு முழுக்கச் சுருக்கம் விழுந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய்ப் பிசுக்கு. அடி மட்டும் மழுங்கினால் காற்று வெளியேறவில்லை: அச்சின் மேலே ஊற்றும் துளையோடு இருக்கும் மேல்தகட்டின் திருகு இறுகியிருக்கும். தகடு தன் எடையிலேயே லேசாக ஆடுமளவு தளர்த்துங்கள், அச்சின் இரண்டு அரைப்பாகங்களின் நடுவே உள்ள மெல்லிய காற்றுக் கோடுகளைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். ஊற்றும்போது வாயின் மேல் ஒரு சிறு குட்டை ஈயம் நிற்க வேண்டும். ஈயம் உறையும்போது நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சுருங்கும், அந்தக் குட்டைதான் அடிக்குத் தீனி போடுகிறது. சூடு பார்க்க கம்பி நுழைக்கும் தெர்மாமீட்டர் வாங்குங்கள். லேசர் துப்பாக்கி பளபளக்கும் ஈயத்தின் மேல் குறைத்துக் காட்டும், அதை நம்பித்தான் பலர் 420-ஐத் தாண்டுகிறார்கள்.

வெள்ளீயம் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தால் விளிம்பு நன்றாக நிறையும். 5 கிலோ ஈயத்துக்கு 63/37 சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த பற்றவைப்புக் கம்பி) சுமார் 80 கிராம். ஒரே வார்த்தையால் வரும் குழப்பம் இது: ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், குண்டு வார்ப்பது காரீயம். முதலாவது சமையலுக்கு, இரண்டாவது விஷம். ஈயம் உருக்கிய பாத்திரமோ கரண்டியோ வீட்டுக்குள் வரக்கூடாது, குழந்தைகள் அருகில் நிற்கக்கூடாது. உருகலில் ஈரமான உலோகத் துண்டு விழுந்தால் ஈரம் ஆவியாக வெடித்து, ஈயம் முகத்தில் அடிக்கும்.

மாட்டிக்கொண்ட சரக்கை ஓரளவு மீட்கலாம். 340 டிகிரிக்கு மெதுவாக ஆறவிட்டால் அதிகப்படி ஜிங்க் மேலே பொருக்காகத் திரளும், கண்கரண்டியால் அள்ள வேண்டும். எப்படி அள்ளினாலும் நூற்றுக்கு அரைப் பங்கு உள்ளேயே நிற்கும். கூர்விளிம்பு அச்சுக்கு அது ஆகாது, மொத்தையான உருண்டைக் குண்டுக்கு ஆகும். கந்தகம் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்வார்கள், வரும் புகை நெஞ்சை அடைக்கும், வீட்டில் வேண்டாம். “அதற்குப் பதில் பேட்டரித் தகடு தருகிறேன்” என்றும் அதே கடையில் சொன்னார்கள். அதில் ஆசிட்டும் ஆர்செனிக்கும் இருக்கும், கசடில் ஈரம் பட்டால் நச்சுவாயு வரும். பழைய பேட்டரி போக வேண்டியது பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு. அள்ளிய பொருக்கையும் மூடி போட்ட தகர டப்பாவில் சேர்த்து அங்கேயே கொடுங்கள், கொல்லையில் கொட்டாதீர்கள்.