தோட்டாக் கருவியில் பந்து போட்ட கதை

விடுமுறைக்குக் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த மருமகன், வந்த இரவே பெட்டியைத் திறந்து ஒரு சாமானை மேசையில் வைத்தான். "மாமா, நீங்கள் கேட்டது இதுதானே? வேகம் அளக்கிறது."

நான் கேட்டது கிரிக்கெட் பந்தின் வேகம் அளக்கும் கருவி. அவன் கொண்டுவந்தது துப்பாக்கித் தோட்டாவின் வேகம் அளக்கும் குரோனோகிராஃப். அட்டைப்பெட்டியில் பொன்னிறத் தோட்டா ஒன்று பறந்துகொண்டிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அட்டை அடுப்பில் சாம்பலாகக் கிடக்கிறது. சோதனைச் சாவடிகளுக்கு நடுவே திருகோணமலையில் குடித்தனம் நடத்தியவள். நானும் ஏனென்று கேட்கவில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் பத்துப் பதினைந்து பொடியன்களுக்கு லெதர் பந்தில் கிரிக்கெட் பழக்குகிறேன். ஒவ்வொருவனுக்கும் தான் மணிக்கு 130 கிலோமீற்றரில் போடுவதாக நினைப்பு. ஒருவனின் தகப்பன் கட்டாரில் வேலை. கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்து, "சேர், மகன் இப்ப எத்தனையில போடுறான்?" என்று கேட்பார். "நல்லாப் போடுறான்" என்று எத்தனை நாளைக்குச் சொல்வது? அதனால்தான் கருவி தேடினேன். ஒரு வருடத்தில் நான்கு வழிகளைப் பார்த்துவிட்டேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும்.

முதலில் இந்தத் தோட்டாக் கருவி. அமைப்பு எளிது. நீளமான பெட்டி, மேல் முகப்பில் ஓர் அடி இடைவெளியில் இரண்டு ஒளி உணரிகள். ஒவ்வொன்றின் மேலும் 'வி' வடிவில் இரண்டு கம்பிகள், கம்பிகளின் உச்சியில் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை. கூரைக்குக் கீழே தோட்டா போகும்போது அதன் நிழல் முதல் உணரியில் பட்டால் உள்ளே கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் பட்டால் நிற்கும். தூரம் தெரியும், நேரம் தெரியும், மிச்சம் ஏழாம் வகுப்புக் கணக்கு. விநாடிக்கு 900 மீற்றர் போகும் ரைஃபிள் தோட்டா அந்த ஓர் அடியை ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். 120 கிலோமீற்றரில் வரும் பந்துக்கு ஏறத்தாழ 9 மில்லிவிநாடி வேண்டும். தோட்டாவையே பிடிக்கிற கடிகாரத்துக்குப் பந்து ஒரு பொருட்டா? மருமகனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சரி, போட்டுப் பார்ப்போம் என்று மைதானத்துக்குக் கொண்டுபோனேன்.

கம்பிகளுக்கு நடுவே இருக்கும் வெளி ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலம்தான். குறிபார்த்துச் சுட்டால் தோட்டா அதற்குள்ளால் போகும். பதினாறு வயதுப் பொடியனின் பந்து? ஆறில் இரண்டு ஸ்டம்புக்குப் போனாலே அன்றைக்கு நான் அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுக்கிறேன். பெட்டியை ஸ்டம்புக்கு முன்னால் வைத்து, பந்தை நிலத்தில் குத்தாமல் போடச் சொன்னோம். இரண்டாவது பந்து உள்ளே போனது. 96 என்று காட்டியது. அது விநாடிக்கு எத்தனை அடி என்ற கணக்கு. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் கிலோமீற்றர் வந்துவிடும், அதாவது 105. மூன்றாவது பந்தில் முன்பக்கக் கம்பிகள் இரண்டும் பறந்தன. பெட்டிக்கு அடி விழாதது நல்லகாலம்.

வெளிச்சமும் தொல்லை. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதப் பின்னேரங்களில் வானத்தில் ஒரு முகில் இருக்காது. சூரியன் சாய்ந்து பக்கவாட்டில் உணரிக்குள் அடித்தால் நிழல் பிடிபடாது. மண்டபத்துக்குள் கொண்டுபோனால் டியூப் லைட். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே லைட் விநாடிக்கு 100 தடவை மினுங்குகிறது. எங்கள் கண்ணுக்கு அது தெரியாது, உணரிக்குத் தெரிகிறது. யாரும் எதுவும் எறியாமலே எண் விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் அதை உருப்படியாகப் பாவித்தவன் எங்கள் விக்கெட் காப்பாளன். காற்சட்டைப் பையில் எந்நேரமும் கெற்றப்போல் (உண்டிவில்) வைத்திருப்பவன். வளைந்த கம்பியை நிமிர்த்தி, மர நிழலில் பெட்டியை வைத்து, களிமண் உருண்டையால் அடித்தான். 148 விழுந்தது. மணிக்கு 162 கிலோமீற்றர். 2003 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஷோயிப் அக்தார் போட்ட 161.3 அன்றோடு போயிற்று. கெற்றப்போல், காற்றுத் துப்பாக்கி போன்றவற்றுக்கு அந்தக் கருவி நல்ல சாமான்தான், ஒரே நேர்கோட்டில் போகிற எதற்கும் நல்லது. இப்போது எங்கள் பௌதிகவியல் மாஸ்டரிடம் இருக்கிறது. அவருக்குப் பெரிய சந்தோஷம். 1742இல் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயர் தொங்கவிட்ட கட்டையில் தோட்டாவைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்தே வேகம் கண்டுபிடித்த கதையைச் சொல்லி, "ஒரு மண்மூட்டையைத் தொங்கவிட்டால் காசே செலவில்லை, மாஸ்டர்" என்றார். அதையும் செய்திருப்போம், மூட்டைதான் கிடைக்கவில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவர்களே இப்போது நிழல் பார்க்கிற கருவியை விட்டு ராடருக்குப் போய்விட்டார்கள் என்று மருமகன் சொன்னான். லாப்ராடர், கார்மின் ஸீரோ போன்றவை அந்த வகை. பக்கத்தில் வைத்தால் போதும், எதற்குள்ளாலும் சுடத் தேவையில்லை. அப்படியானால் கார்மினையே வாங்குவோமே என்று எனக்கும் ஆசை வந்தது. விபரத்தைப் பார்த்தால் விநாடிக்கு 100 அடிக்குக் கீழே அது அளக்காது. அதாவது 110 கிலோமீற்றருக்குக் குறைந்த பந்து அதற்குப் பந்தே இல்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேயே வெளியே.

அடுத்து, விளையாட்டுக்கென்றே விற்கிற, பொலிஸ்காரர் பிடிப்பது மாதிரியான ராடர் துப்பாக்கி. மட்டக்களப்பு நண்பர் ஒருவரிடம் ஒரு கிழமைக்கு இரவல் வாங்கினேன். இந்த வகைக் கருவிகள் 24 கிகாஹேர்ட்ஸ் அளவில் அலையை அனுப்புகின்றன. பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடியிருக்கும். அந்தக் கூடுதல்தான் வேகம். 120 கிலோமீற்றருக்கு அது 5,400 ஹேர்ட்ஸ் அளவில் வரும், காதுக்குக் கேட்கிற சத்தம் மாதிரி.

இங்கேதான் நான் கணித வாத்தியார் என்று சொல்ல வெட்கப்படுகிற இடம். முதல் நாள் வசதியாக, பந்து போடுகிறவனுக்குப் பக்கவாட்டில், மிட்-ஓஃபில் நின்று அளந்தேன். 110 இருக்கும் என்று நினைத்த பொடியனுக்கு 95 காட்டியது. அவன் முகம் செத்துப் போயிற்று. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான் மண்டையில் உறைத்தது. ராடர் தன்னை நோக்கி வருகிற, அல்லது தன்னை விட்டு விலகுகிற வேகத்தை மட்டும்தான் பார்க்கும். பக்கத்தில் நின்றால் விலகிய கோணத்தின் கோசைனால் பெருக்கிய வேகம்தான் விழும், அது குறைவு. 10 பாகை விலகினால் 120 என்பது 118 ஆகும், பரவாயில்லை. 20 பாகையில் 113. 30 பாகையில் 104. பத்தாம் வகுப்புக்கு நானே படிப்பிக்கிற பாடம்! மறுநாள் ஸ்டம்புக்கு நேர் பின்னால், வலைக்கு வெளியே நின்றேன். அதே பொடியன், 109. நைலோன் வலை ராடருக்குத் தடையில்லை. இரும்புக் கம்பி வலை என்றால் குழப்பும்.

ஆனால் நேர் பின்னால் நின்றால் பந்து போடுகிறவனுக்கும் அப்பால் வீதி. விசையை அழுத்தியபடியே இருந்தால் தூரத்தில் வருகிற ஓட்டோவையும் அது விடாது. 48 என்று விழ, "சேர், அது நான் இல்லை" என்று பொடியன் கத்தினான். புள்ளிமான் ஒன்று வழக்கம்போல மைதானத்துக்குள் நடந்துபோனது. அதற்கு எண் விழவில்லை, அந்த நடை கருவியின் கீழ் எல்லைக்கே வராது. பெரிய இடங்களிலும் ராடர் பிழைக்கும். 2020இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் மதீஷ பத்திரன இந்தியாவுக்கு எதிராகப் போட்ட ஒரு பந்துக்குத் திரையில் 175 என்று விழுந்தது. கருவிப் பிழைதான். எங்கள் பொடியன்களில் இரண்டு பேர் இன்னும் அதை நம்புகிறார்கள்.

காசில்லாதவர்கள் போனில் அளக்கலாம். ஒரு கிறீஸிலிருந்து மறு கிறீஸ் வரை 17.68 மீற்றர். அதைக் கடக்க எத்தனை படம் ஓடுகிறது என்று எண்ண வேண்டும். சாதாரண வீடியோ விநாடிக்கு 30 படம். 120இல் வருகிற பந்துக்கு 16 படம்தான் கிடைக்கும். ஒரு படம் பிழைத்தால் 7 கிலோமீற்றர் பிழை. 240 படம் எடுக்கிற ஸ்லோ மோஷனில் எடுத்தால் அந்தப் பிழை ஒரு கிலோமீற்றருக்குள் அடங்கும். ஆனால் கிடைப்பது சராசரி வேகம். பந்து காற்றிலேயே பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழக்கும், குத்தி எழும்பும்போது இன்னும் குறையும். டீவியில் காட்டுவதோ கையை விட்ட கணத்து வேகம். போன் காட்டும் 105ஐ டீவிக்காரரின் 140ஓடு ஒப்பிட்டு யாரும் அழ வேண்டாம். இரவில் இருந்து படம் எண்ணப் பொறுமை இருந்தால் இது போதும். எனக்கு அந்தப் பொறுமை இரண்டு நாள்தான் இருந்தது.

நான் வாங்கியது பாக்கெட் ராடர் நிறுவனத்தின் போல் கோச். போனைவிடச் சற்றுத் தடிப்பு, சட்டைப் பைக்குள் போகும். மணிக்கு 25 முதல் 130 மைல் வரை, அதாவது 40 முதல் 209 கிலோமீற்றர் வரை அளக்கும். பிழை கூடக்குறைய ஒரு மைல். மைலை கிலோமீற்றராக மாற்ற உள்ளேயே வழி உண்டு. கடைசி 25 எண்களை நினைவில் வைத்திருக்கும், நான்கு ஓவர் முடிந்து கொப்பியில் எழுத அது போதும். சின்னப் பட்டரி இரண்டு, தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். பந்து கையை விடுகிற நேரம் பார்த்து அழுத்தப் பழகிவிட்டால் வீதி ஓட்டோவின் கதை இல்லை. எனக்குக் கைக்கு வந்து சேர 1 லட்சம் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு. தனியொருவர் வாங்கச் சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று கழகம் சேர்ந்து வாங்கலாம். நான் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தேன்.

மாலிங்க மாதிரிக் கையைப் பக்கவாட்டில் சுழற்றுகிறவர்களுக்கு மட்டும் நான் அரை அடி நகர்ந்து நிற்கிறேன். மற்றபடி வலைக்குப் பின்னால் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போட்டிருக்கிறேன். அங்கிருந்துதான் எல்லோருக்கும் அளவு. மழைக்குச் சிலுவை அழிந்தால் பொடியன்களே திரும்பப் போட்டுவிடுகிறார்கள், ஆளுக்கொரு இடத்தில்.

கட்டார் தகப்பனுக்குச் சென்ற கிழமை சொன்னேன்: ஆகக் கூடியது 112, சராசரி 106. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அது நல்ல மிசினோ, சேர்?" என்று கேட்டார்.

மருமகன் அடுத்த ஆவணியில் திரும்ப வருகிறான். கருவியை நிறுத்தி வைக்க ஒரு ட்ரைபொட் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை படமும் அனுப்பிவிட்டேன்.