1967 ஹெரால்டு: பெயிண்ட் அடிக்காம 11 வருஷம்

பெரியப்பா வண்டி இது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், ரெண்டு கதவு, 948 சிசி, நம்ம வண்டலூர் பக்கம் பேக்டரில செஞ்சது. 2014ல என் கைக்கு வந்துச்சு, இதுவரைக்கும் 16,000 கிலோமீட்டர் கிட்ட ஓட்டிருக்கேன். முக்கால்வாசி ஞாயித்துக்கிழமை ஓட்டம் தான், மழைல எடுக்கறதில்ல, ஒழுகும். சிக்னல்ல பாக்கறவங்க எல்லாம் கேக்கறது ஒரே கேள்வி, "எப்ப சார் ரெஸ்டோர் பண்றீங்க?"

பண்ணலங்க. மொதல்ல ஆசைப்பட்டேன் தான். டிங்கரிங், பெயிண்டிங்னு பேசி வச்சு, ஆரம்பமா முன் சீட்ட மட்டும் குஷன் கடைக்கு அனுப்பினேன். புது ரெக்சின் போட்டு பளபளன்னு வந்துச்சு. பழைய மெரூன் கவர் எங்கன்னு கேட்டா "குப்பைல போட்டாச்சு சார், கிழிஞ்சு கெடந்துச்சே"ங்கறார். இப்ப பின் சீட்டு 1967, முன் சீட்டு கல்யாண மண்டப சோபா. கதவ தொறக்கறப்பல்லாம் கண்ணு நேரா அங்க தான் போகுது. அன்னிக்கே பெயிண்ட் வேலைய கேன்சல் பண்ணிட்டேன்.

அதுக்கப்பறம் தான் வண்டிய ஒழுங்கா பாக்கவே ஆரம்பிச்சேன். ஹெரால்டு பானெட் தெரியும்ல, ரெண்டு பக்கமும் கொக்கிய எடுத்துவிட்டா மட்காடு, ஹெட்லைட்டோட சேந்து மொத்தமா முன்னாடி சாயும், நீங்க பாட்டுக்கு முன் டயர் மேல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே இன்ஜின் வேல பாக்கலாம். அந்த பானெட்டுக்கு உள்பக்கம் வெயில் பட்டதே இல்ல, அங்க கலர் அப்படியே அடர் நீலமா இருக்கு, வெளில அதே நீலம் வெளுத்து சாம்பல் மாதிரி ஆயிடுச்சு. பெரியப்பா கைய வெளில போட்டு ஓட்டுவார், டிரைவர் கதவு மேல் விளிம்புல பெயிண்ட் தேஞ்சு அடில இருக்கற பிரைமர் பூச்சு தெரியுது. இத எந்த பெயிண்டரால அடிக்க முடியும் சொல்லுங்க.

இதுல பாடிய துண்டு துண்டா போல்ட் போட்டு சேசிஸ், அதான் அடிச்சட்டம், அது மேல மாட்டிருப்பாங்க. அதனால ஒரிஜினல் வண்டியா இல்லையான்னு பாக்க போல்ட் தலைய பாருங்க, பெயிண்ட் ஒடையாம இருந்தா ஸ்பேனரே படல. கதவு இடுக்கு எல்லாம் நூல் புடிச்ச மாதிரி சமமா இருந்தா எனக்கு சந்தேகம் தான் வரும், உள்ள பட்டி எவ்ளோ பூசிருக்காங்களோ. டைனமோ லூகாஸ் டிவிஎஸ், பாடில செஞ்சது (நம்ம ஊர் பாடி, கார் பாடி இல்ல!). பேட்டரி சார்ஜ பாத்துக்கற கட்டவுட்டும் அதே செட்டு தான், ரெண்டு தடவ பாயின்ட் சுத்தம் பண்ணதோட சரி.

அதுக்காக எதையும் மாத்தவே கூடாதுன்னு சொல்லல. பிரேக் ரப்பர், டயர், ஒயரிங்ல பாதி எல்லாம் புதுசு. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததுல இருந்து பழைய பெட்ரோல் ஓஸ் ஊறி பிசுபிசுன்னு ஆச்சு, பம்ப் டயாஃப்ரமும் போச்சு, ரெண்டையும் அதுக்கு தாங்குற ரப்பர்ல மாத்திட்டேன். உயிர் சம்பந்தப்பட்டதுல ஒரிஜினல் வெறி வேணாம்.

ஆனா ஒரு விஷயத்துல பழைய முறை தான் சரி. முன் சக்கரத்துக்கு உள்பக்கம் கீழ டிரன்னியன்னு ஒரு பித்தள கலர் சாமான் இருக்கு, அதுக்குள்ள மரையோட ஒரு இரும்பு கம்பம் திருகி நிக்கும், ஸ்டியரிங் திருப்பறப்ப இது தான் திரும்பும். இதுக்கு 90 கியர் ஆயில் தான் விடணும். நம்ம ஆளுங்க கிரீஸ் அடிக்கற நிப்பிள் மாதிரி தெரிஞ்சா உடனே கிரீஸ அடிச்சிடுவாங்க, அது உள்ள இறுகிரும், ஆயில் போகாது, தண்ணி நின்னு துரு புடிச்சு ஒரு நாள் திருப்பத்துல கம்பம் ஒடிஞ்சு சக்கரம் மடங்கிரும். எனக்கு மெக்கானிக் பாய் சொல்லலன்னா தெரிஞ்சிருக்காது. அவர் கழட்டி காட்னப்ப உள்ள கல்லு மாதிரி கிரீஸ்.

ஓட்டறதுக்கு எப்படி? 25 அடிக்குள்ள ஃபுல்லா திரும்பிரும், எங்க தெருவுல இதுக்கு முன்னாடி எந்த புது காரும் நிக்க முடியாது. ஆனா வளைவுல வேகமா போய் டக்குனு ஆக்சிலேட்டர விட்டீங்கன்னா பின் சக்கரம் உள்பக்கமா மடங்க பாக்கும், பின்னாடி ரெண்டு பக்கமும் தனித்தனியா ஏறி எறங்கற ஸ்விங் ஆக்சில், அப்படி தான். பிரேக் நாலும் டிரம், முன்னாடி போற ஆட்டோவ நம்பாதீங்க.

2021 விதிப்படி 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெருசா கை வைக்காத வண்டிய விண்டேஜ்னு பதியலாம். என் வண்டி அதுக்கு பொருந்தும், ஆனா பதிஞ்சா கண்காட்சி, ராலி, பெட்ரோல், சர்வீஸ்னு தான் ரோட்டுல வரலாம், தெனசரி ஓட்டத்துக்கு இல்ல. எனக்கு ஞாயித்துக்கிழம டிபனுக்கு தாம்பரம் போகணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பிச்சுக்கறேன், போதும்.

மெரூன் ரெக்சின், பழைய ஸ்டாக், யார்கிட்டயாவது ஒரு மூணு மீட்டர் இருந்தா சொல்லுங்க. புதுப்பேட்ட பழைய கார் சாமான் கடைங்க முழுக்க சுத்திட்டேன்.